புதுமனை புகுந்த நூலகம்

புதிய வீடொன்று கட்டி முடிந்து, நல்ல நாளிற் குடிபுகுதல் எந்தக் குடும்பத்திற்கும் பெருமகிழ்ச்சி தரும் நிகழ்ச்சியாகும். அந்நாளை எதிர்நோக்கிக் குடும்பத்தார் பல திங்கள் காத்திருப்பர். பழைய வீட்டின் ஒழுகுங் கூரையையும் இருண்ட அறைகளையும், ‘இன்னும் சில நாள்தானே’ என்று பொறுத்துக்கொள்வர். ஒரு குடும்பம் இடம் பெயர்வதே இத்துணை அரிய செயலாயின், பல இலக்கம் நூல்கள் நிறைந்த நூலகம் இடம் பெயர்வது எத்துணை அரிய செயலாதல் வேண்டும்! வீட்டுப் பொருள்கள் இடம் மாறிக் கிடப்பின், ஓரிரு நாளில் அவற்றை ஒழுங்குபடுத்திவிடலாம். நூலகத்திலோ, ஒரு நூல் தனக்குரிய இடத்தினின்றும் மாறிவிடின், அஃது இருந்தும் இல்லாததேயாகும். இவ்வருமையை நன்குணர்ந்து, நெருக்கடி மிக்க பழைய இடத்திற் பல்லாண்டுகள் பொறுமையோடு பணி புரிந்து, பின்னர்ப் புதுமனை புகுந்த நூலக ஊழியர் சிலருடைய வரலாற்றை இப்பாடம் கூறுகின்றது.

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் சட்டமன்றத்திற்குக் ‘காங்கிரஸ்’ என்பது பெயர். அம்மன்றத்தார் சட்டம் இயற்றுங்கால் பார்த்தற்குரிய நூல்கள் அவர்தம் கையருகே இருத்தல் வேண்டும் என்னும் கருத்துடன், 1800-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் ஒரு நூலகம் நிறுவப்பெற்றது. நூல்கள் வாங்க 5,000 டாலர் ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் 740 நூல்களும் 3 நிலப்படங்களும் இலண்டன் மாநகரினின்றும் கடல் கடந்து வந்து சேர்ந்தன. காங்கிரஸ் நூலகம் என்று உலகம் புகழும் பேராலமரத்தின் சிறு வித்து இதுவே.

அவ்வித்து முளைத்துத் தழைத்தற்குள் இருமுறை தீயிற் கருகியது. 1814-இல் நடந்த போரில் ஆங்கிலப் படையினர் வாஷிங்டன் நகரிலுள்ள காபிடல் என்னும் சட்டமன்ற மாளிகைக்குத் தீயிட்டனர். அம்மாளிகையினுள் இருந்த நூலகமும் சாம்பராயிற்று. முன்னாட் குடியரசுத் தலைவராகிய தாமஸ் ஜெபர்சன், தாம் ஐம்பது ஆண்டுகளாகத் தேடித் தொகுத்த நூல்களை நாட்டுக்கு அளிக்க முன்வந்தார். 1815-இல் 6,487 நூல்கள் 23,950 டாலருக்கு விலைக்குக் கொள்ளப்பட்டன. அந்நூல்களும் நெடுநாள் வாழ்ந்தில. 1851-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் புகைபோக்கியிலிருந்த பழுதினால் மீண்டும் தீப்பற்றியது. 55,000 நூல்களுள் 35,000 நூல்கள் எரிந்தொழிந்தன. ஜெபர்சன் அளித்த செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கு அத்தீயில் மறைந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். நூலகத்தாரும் மரத்தை அறவே வெறுத்தனர். காபிடல் மாளிகையின் மேற்குப் பகுதியில், அடுக்குகளும் கூரையும் இரும்பாலேயே இயன்ற புதியதோர் அறை அமைக்கப்பட்டு, 1853-இல் திறந்துவைக்கப்பட்டது. தீயச்சம் அகன்றது. ஆயினும், வேறோர் இடுக்கண் அவ்விரும்பறையின் வாயிலில் வந்து நின்றது. அதுதான் இட நெருக்கடி.

இந்நிலையில் அந்நூலகத்தின் பொறுப்பை ஏற்றவர் ஐன்ஸ்வொர்த் ராண்ட் ஸ்பாபோர்டு என்பவர். அவர் 1825-ஆம் ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு சமயகுருவின் மகனாகப் பிறந்தவர். உடல்நலக் குறைவால் அவர் கல்லூரிக் கல்வி பெறவில்லை. சின்சினாட்டி நகருக்குச் சென்று புத்தகக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். விற்பனைக்கு வந்த நூல்களே அவருக்கு ஆசிரியராயின. பின்னர்ச் செய்தித்தாள் ஒன்றில் எழுத்தாளராக விளங்கினார். 1861-இல் காங்கிரஸ் நூலகத்தில் தலைமைத் துணைவராக அமர்ந்தார். அவருடைய திறமையைக் கண்ட குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் 1864-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று அவரை நூலகராக நியமித்தார். அப்பொழுது அங்கிருந்த நூல்கள் ஏறத்தாழ 82,000. ஊழியரோ எழுவரே.

‘இந்நூலகம் சட்டமன்றத்தாருக்கு மட்டும் உரியதன்று; நாட்டு மக்கள் அனைவர்க்கும் உரியது’ என்பது ஸ்பாபோர்டின் உறுதியான கொள்கை. இக்கொள்கையை நிலைநாட்டுதற்கு அவர் அயராது உழைத்தார். 1866-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திலிருந்த 40,000 நூல்கள் காங்கிரஸ் நூலகத்திற் சேர்க்கப்பட்டன. 1867-இல் பீட்டர் போர்ஸ் என்பார் தொகுத்து வைத்திருந்த அமெரிக்க வரலாற்றுச் செல்வம் 100,000 டாலருக்கு வாங்கப்பட்டது. இவை எல்லாவற்றினும் சிறந்தது 1870-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பதிப்புரிமைச் சட்டமாகும். அதற்கு முன்பு பதிப்புரிமை பெற விரும்புவோர் தத்தம் வட்டாரத்து நீதிமன்றங்களிற் பதிவு செய்து வந்தனர். புதிய சட்டத்தின்படி அப்பதிவு முழுவதும் காங்கிரஸ் நூலகத்திலேயே நடைபெறலாயிற்று. பதிவு செய்வோர் ஒவ்வொருவரும் தம் நூலின் இரண்டு படிகளை அங்கே அளித்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. நூல் மட்டுமன்றி நிலப்படம், ஓவியம், நிழற்படம், இசைத்தாள் ஆகியவற்றிற்கும் இவ்விதி பொருந்தும்.

மழைக்காலத்து ஏரிக்குள் பல கால்வாய்கள் ஒருங்கே வந்து பாய்ந்தாற்போல, நாடெங்கணுமிருந்து நூல்கள் நூலகத்தினுட் பாயத் தொடங்கின. ஏரிக்குக் கலிங்கு உண்டு. நிறைந்தபின் மிகுநீர் வழிந்தோடிவிடும். நூலகத்திற்கோ கலிங்கு இல்லை. வந்த நூலைத் திருப்பியனுப்புதல் இயலாது, எறிதலும் தகாது. எனவே, சட்டம் ஏற்பட்ட மறு ஆண்டாகிய 1871-இலேயே, நூலகத்திற்குத் தனிக் கட்டிடம் வேண்டும் என்று ஸ்பாபோர்டு தம் ஆண்டறிக்கையிற் குறித்தார். 1872-இல் அக்கட்டிடம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதையும் விரித்துரைத்தார். நடுவே குவிமாடம் கவிந்த வட்டமான படிப்பகம் இருத்தல் வேண்டும். அதனைச் சூழ நூலடுக்குகள் நிற்றல் வேண்டும். தீயால் அழியாத பொருள்களால் அனைத்தும் கட்டப்பெறல் வேண்டும். வருங்காலத்து வளர்ச்சிக்கும் இடம் விடல் வேண்டும் என்பன அவர்தம் எண்ணங்கள். கால் நூற்றாண்டுக்குப் பின்னர் எழுந்த மாளிகை அவர் அன்று மனத்திற் கண்டதன் வடிவமே எனலாம்.

ஆனால், மனத்தில் எழுந்த மாளிகை மண்ணில் எழுதற்குள் எத்தனை தடைகள்! 1873-இல் காங்கிரஸ் மன்றத்தார் கட்டிட அமைப்பிற்கு ஒரு போட்டி நடத்தினர். 27 அமைப்புப் படங்கள் வந்தன. ஸ்மித்மேயர், பெல்ஸ் என்னும் இருவர் வரைந்த படம் முதற்பரிசு பெற்றது. அத்துடன் காரியம் கைகூடிவிட்டது என்றே ஊழியர் நினைத்திருப்பர். ஆனால், பரிசு பெற்ற படத்தையே மன்றத்தார் பின்னர் ஐயுற்றனர். ‘தனிக் கட்டிடம் எதற்கு? காபிடல் மாளிகையையே விரித்துக் கட்டலாமே’ என்றனர் ஒரு சாரார். ‘கட்டுவதாயின் எவ்விடத்திற் கட்டுவது?’ என்று வினவினர் மற்றொரு சாரார். எந்நாட்டுப் பாணியிற் கட்டுவது என்பதிலும் கருத்து வேறுபாடு தோன்றியது. ஆண்டுகள் உருண்டோடின. மார்ரில், வூர்ஹீஸ் என்னும் மேலவை உறுப்பினர் இருவர் நூலகத்தின் சார்பில் விடாது வாதாடினர். போட்டி நடந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1886-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாளில்தான் கட்டிடத்திற்குரிய சட்டம் நிறைவேறியது.

இப்பதின்மூன்று ஆண்டுகளும், இதற்குப் பிந்திய பதினோராண்டுகளும் நூலக ஊழியர் எவ்வாறு பணி புரிந்தனர் என்பதே நாம் எண்ணிப் பார்த்தற்குரியது. 1875-ஆம் ஆண்டிலேயே அடுக்குகளில் இடம் முற்றும் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி நூல்கள் தரையிற் குவிக்கப்படுகின்றன என்று ஸ்பாபோர்டு அவ்வாண்டில் அறிவித்தார். விரைந்து ஆவன செய்யாவிடின், தாம் நூலகத்திற்குத் தலைவராக அன்றி ஒரு பெருங்குழப்பத்திற்குத் தலைவராக அமர நேரும் என்னும் கருத்துப்படவும் எச்சரித்தார். ஒரு வரிசைக்குப் பின் மற்றொரு வரிசையாக நூல்கள் அடுக்கப்பட்டன. நடைவழிகளிலும் மூலைமுடுக்குகளிலும் நூற்குன்றங்கள் எழுந்தன. மாளிகையின் கீழ்த்தளத்து இருட்டறைகளும் நூல்களால் நிரம்பின. 1897-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க வார இதழில் வெளிவந்த ஓவியம் இக்காட்சியை இன்றும் நம் கண்முன் நிறுத்துகின்றது. ஆள் நடமாட இடமின்றி நூல்கள் மலைபோற் குவிந்து கிடக்கின்றன. அவற்றினிடையே ஊழியரும் படிப்போரும் நெருங்கி நிற்கின்றனர். ஓவியத்தின் வலப்பக்கத்து ஓரத்தில் முதிர்ந்த ஸ்பாபோர்டு காணப்படுகின்றார்.

இத்தகைய இடத்தில் ஒருவர் வந்து, ‘இன்ன நூல் வேண்டும்’ என்று கேட்டால் ஊழியர் என் செய்வர்? பட்டியலில் நூலின் பெயர் இருக்கும். அடுக்கில் நூல் இராது. முன்வரிசையை எடுத்துப் பின்வரிசையைப் பார்த்தல் வேண்டும். அங்கும் இன்றேல், தரையிலுள்ள குவியலைப் புரட்டுதல் வேண்டும். அவ்வேளையில் ஊழியர்க்குக் கைகொடுத்தது ஸ்பாபோர்டின் நினைவாற்றலேயாகும். எந்த நூல் எந்தக் குவியலில், எந்த மூலையில் உள்ளது என்று அவர் இருந்த இடத்திலிருந்தே கூறுவார் என்று அவர் காலத்தவர் வியந்து போற்றினர். போற்றுதற்குரிய ஆற்றலே அது. எனினும், ஒரு நாட்டின் நூலகம் ஒரு தனி மனிதரின் நினைவை மட்டும் நம்பி நிற்றல் நன்றாகுமோ? அவர் ஒருநாள் நோயுற்றால் நூலகமும் நோயுறுமன்றோ? இவ்விடர்ப்பாடு அவர்க்கே நன்கு தெரியும். அதனாலேயே ஆண்டுதோறும் தம் அறிக்கையில் அதே வேண்டுகோளைச் சலியாது எழுதினார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழிக்கு இவ்வறிக்கைகளைக் காட்டிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நெருக்கடியின் தீமை நூல்களோடு நிற்கவில்லை. பதிப்புரிமைக் கடிதங்களும் கட்டணங்களும் நாள்தோறும் வந்து குவிந்தன. அவற்றைப் பதிவு செய்யப் போதிய ஆளும் இல்லை. போதிய இடமும் இல்லை. பதிவுகள் காலந்தாழ்ந்தன, கணக்குகள் பின்தங்கின. அதனால் ஸ்பாபோர்டு தம் முதுமையில் அரசாங்கத் தணிக்கையாளருக்கு விடைகூறும் நிலைக்கு உள்ளானார். நூல்களைத் தேடித் தொகுப்பதில் ஈடற்றவராக விளங்கியவர், கணக்கையும் அலுவலகத்தையும் ஒழுங்குற நடத்துவதில் அத்துணைச் சிறந்தாரல்லர் என்பதையும் வரலாறு மறையாது கூறுகின்றது. பெரியோரிடத்துக் குறை காணின், குறையைக் குறையென்றே கூறி, நிறையை மறவாதிருத்தலே நடுநிலையாகும்.

அந்நாளைய ஊழியருள் மற்றொருவரும் நினைவிற் கொள்ளத்தக்கவர். அவர் பெயர் தானியேல் மர்ரே. கறுப்பினத்தைச் சேர்ந்த அவர் 1852-இல் பால்டிமோர் நகரிற் பிறந்தவர். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1871-இல், இளைஞராக ஸ்பாபோர்டின் கீழ்ப் பணியில் அமர்ந்தார். ஸ்பாபோர்டு அவருக்குக் கல்வியில் ஊக்கமளித்தார். பத்தாண்டுகளில் மர்ரே துணை நூலகராக உயர்ந்தார். தனிக் கட்டிடம் வேண்டும் என்னும் குரல் எழுந்த ஆண்டும் மர்ரே பணியிற் சேர்ந்த ஆண்டும் ஒன்றே. ஆதலின், அந்நெடிய காத்திருப்பு முழுவதையும் உடனிருந்து கண்டவருள் அவரும் ஒருவர்.

சட்டம் நிறைவேறிய பின்னரும் தடைகள் ஓய்ந்தில. வேலை மெல்ல நடந்தது. பூச்சுமண்ணின் தரம் பற்றிப் பூசல் விளைந்தது. 1888-இல் ஸ்மித்மேயர் நீக்கப்பட்டார். படைத்துறைப் பொறியாளர் தலைவராகிய தாமஸ் லிங்கன் கேசியிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவருக்குத் துணையாக பெர்னார்டு கிரீன் என்னும் பொறியாளர் அமைந்தார். அதன்பின் வேலை விரைந்தது. 1890-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் மூலைக்கல் நாட்டப்பட்டது. காபிடல் மாளிகைக்குக் கிழக்கே, திறந்த வெளிக்கு அப்பால், சுவர்கள் நாளொரு மேனியாக உயர்ந்தன. பழைய அறையில் நூற்குவியலுக்கிடையே உழைத்த ஊழியர் நாள்தோறும் அதனைக் கண்டிருப்பர். இலவு காத்த கிளியின் கதை போலாகாது, இம்முறை காய் கனியாகப் பழுத்தே தீரும் என்னும் நம்பிக்கை அவர்கள் உள்ளத்தில் ஊன்றியிருக்கும்.

அம்மாளிகை 470 அடி நீளமும் 340 அடி அகலமும் உடையது. வெளிச்சுவர்க்குரிய கருங்கற்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலிருந்து வந்தன. ஸ்பாபோர்டு பிறந்த மாநிலமும் அதுவே. நடுவே, தரையினின்றும் ஏறத்தாழ 160 அடி உயரத்தில் ஒளிமாடம் திகழும் எண்கோணப் படிப்பகம் அமைந்தது. அமெரிக்க ஓவியரும் சிற்பியரும் பலர் கூடி அதனை அணிசெய்தனர். உலக நாகரிகத்தை வளர்த்த நாடுகளையும் காலங்களையும் குறிக்கும் 12 உருவங்களைக் குவிமாடத்தின் உட்புறத்தில் எட்வின் பிளாஷ்பீல்டு தீட்டினார். மின்விளக்கு வசதியும் அம்மாளிகையில் அமைக்கப்பட்டது.

கண்ணைக் கவரும் அணிகலன்களைவிட ஊழியர் உள்ளத்தைக் கவர்ந்தவை கிரீன் வகுத்த நூலடுக்குகளே எனலாம். அவை ஒன்பது நிலைகளாக இரும்பினால் இயன்றவை. ஒவ்வொரு நிலையும் 7 அடி உயரமே உடையது. ஆதலின் ஏணியின் துணையின்றி, நின்றபடியே எந்த நூலையும் கையால் எடுக்கலாம். நூலின் அளவுக்கேற்பப் பலகைகளை உயர்த்தவும் தாழ்த்தவும் கூடும். படிப்பகத்தின் நடுவிலுள்ள மேசையில் ஒருவர் வேண்டும் நூலைக் குறித்துத் தந்தால், அச்சீட்டு காற்றுக் குழாயின் வழியே அடுக்குகளுக்குப் பறந்து செல்லும். ஊழியர் நூலை எடுத்து வைத்தால், ஓயாது சுழலும் சங்கிலியிற் கோத்த தட்டுகள் அதனை மேசைக்குக் கொணரும். சட்டமன்ற உறுப்பினர்க்கு வேண்டிய நூல்கள் காபிடல் மாளிகைக்குச் செல்லுதற்கு நிலத்தடியே ஒரு சுரங்கப் பாதையும் அமைக்கப்பட்டது. குவியலைப் புரட்டிப் புரட்டிக் கை சலித்தவர்க்கு இவை எத்துணை ஆறுதல் அளித்திருக்கும்! இத்துணைச் சிறப்புடைய மாளிகை, 1897-ஆம் ஆண்டு முற்பகுதியில், ஒப்புக்கொள்ளப்பட்ட தொகைக்குள்ளேயே கட்டி முடிக்கப்பட்டது என்பது வியத்தற்குரியது.

கட்டிடம் புதியதானாற் போதுமா? அதனுள் நடக்கும் பணியும் புதிய முறையில் அமைதல் வேண்டுமன்றோ? இதனை ஆராய 1896-ஆம் ஆண்டின் இறுதியில் காங்கிரஸ் குழு ஒன்று கூடியது. மெல்வில் டூயி, ஹெர்பர்ட் புட்னம் முதலிய நூலக அறிஞர்கள் அதன் முன் சான்று பகர்ந்தனர். 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் ஒரு சட்டம் பிறந்தது. அதன்படி ஊழியர் தொகை 42-லிருந்து 108 ஆக உயர்ந்தது. பதிப்புரிமைப் பணி தனித்துறையாயிற்று. ஊழியரை அவரவர் தகுதி ஒன்றையே நோக்கி அமர்த்துதல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

இவ்வளவும் நிறைவேறிய வேளையில் ஸ்பாபோர்டுக்கு வயது எழுபத்தொன்று. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளில் ஜான் ரஸ்ஸல் யங் என்பவர் புதிய நூலகராகப் பதவியேற்றார். முப்பத்திரண்டு ஆண்டுகள் தலைமை தாங்கியவர், தாம் கனவு கண்ட மாளிகை எழுந்து நின்ற அந்நேரத்தில், தலைமைப் பதவியை இழந்தார். சிறியோராயின் மனம் வெதும்பி விலகியிருப்பர். யங் அவரைத் தலைமைத் துணை நூலகராக இருக்குமாறு வேண்டினார். ஸ்பாபோர்டு அதனை மனமுவந்து ஏற்றார். 1861-இல் எப்பதவியில் நூலகத்தினுள் அடியெடுத்து வைத்தாரோ, அப்பதவியிலேயே புதுமனை புகுந்தார். பதவி பெரிதன்று, பணியே பெரிது என்பதை அவர் சொல்லாற் சொல்லவில்லை, செயலாற் காட்டினார்.

ஜூலைத் திங்களின் இறுதியிற் பழைய படிப்பகம் மூடப்பட்டது. ஏறத்தாழ 800 டன் எடையுள்ள நூல்கள், கைப்பிரதிகள், நிலப்படங்கள், ஓவியங்கள், இசைத்தாள்கள் ஆகியவை இடம் பெயர்தல் வேண்டும். நூல்கள் மட்டுமே ஏறத்தாழ 840,000. அவற்றுள் பத்தில் நான்கு பங்கு பதிப்புரிமைச் சட்டத்தின்வழி வந்தவை. தூரமோ கால் மைல்தான். ஆயினும் அக்கால் மைலைக் கடக்கப் பத்து வாரங்கள் ஆயின. குதிரை பூட்டிய வண்டிகள் காபிடல் மாளிகைக்கும் புதுமனைக்கும் இடையே மீண்டும் மீண்டும் சென்று வந்தன. நூல்களை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுதல் எளிது. எடுத்த வரிசை குலையாமல் வைத்தல் அரிது. எந்த வகை நூல் எந்த நிலையில், எந்தப் பலகையில் அமர்தல் வேண்டும் என்பதை முன்னரே கணக்கிட்டிருத்தல் வேண்டும். வளர்ச்சிக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். நாற்றங்காலில் நெருங்கி நின்ற பயிரைப் பறித்து, வேர் அறாமல் வயலில் இடைவெளி விட்டு நடும் உழவரின் கைத்திறம் போன்றது நூலக ஊழியரின் அக்கைத்திறம். குவியலின் அடியிற் பல்லாண்டுகள் மறைந்து கிடந்த நூல்கள் ஒளியைக் கண்டன.

1897-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று புதிய நூலகத்தின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறந்தன. சட்டமன்றத்தாருக்கென ஒரு மூலையில் தோன்றிய நூலகம் நாட்டு மக்களின் நூலகமாயிற்று. கண்பார்வையற்றோர்க்குத் தனிப் படிப்பகம் ஒன்றை யங் அவ்வாண்டிலேயே தொடங்கினார். 1898 முதல் மாலைப்பொழுதிலும் நூலகம் திறந்திருந்தமையால், பகலெல்லாம் தொழில் செய்வோரும் இரவில் வந்து படித்தனர்.

ஆனால், கட்டிடம் புதிதாயின் உள்ளமும் புதிதாகிவிடும் என்பதில்லை. புதுமனையில் தானியேல் மர்ரே பருவ இதழ்ப் பகுதிக்குத் தலைவராக உயர்த்தப்பட்டார். கறுப்பினத்தவர் ஒருவரின்கீழ்ப் பணி புரிய வெள்ளையர் மறுத்தமையால், விரைவிலேயே அப்பதவி அவரிடமிருந்து பறிக்கப்பட்டது, ஊதியமும் குறைந்தது. ஒளிநிறைந்த குவிமாடத்தின்கீழ் நிகழ்ந்த இருண்ட செயல் அது. மர்ரே மனந்தளரவில்லை. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காகத் தம் இனத்தார் இயற்றிய நூல்களையெல்லாம் தேடிப் பட்டியலிட்டார். ‘இவர்களுக்கு இலக்கியம் ஏது?’ என்று இகழ்ந்தோர்க்கு அப்பட்டியலே விடையாயிற்று. ஐம்பதாண்டுகளுக்கு மேல் பணி புரிந்த அவர், தாம் தொகுத்த நூல்களைத் தம் இறுதிக்குப்பின் அந்நூலகத்திற்கே உரிமையாக்கினார். தமக்கு இழைத்த தீங்கை மறந்து, அறிவுக்கு இடம் தேடிய பெருந்தகை அவர்.

ஸ்பாபோர்டு புதுமனையில் மேலும் பதினோராண்டுகள் உழைத்தார். நூல்களைத் தேர்தல், காத்தல், படித்தல் ஆகியவை பற்றித் தாம் கண்ட பட்டறிவை 1900-இல் ஒரு நூலாக வெளியிட்டார். 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், எண்பத்திரண்டாம் வயதில், பணியில் இருந்தபடியே இயற்கை எய்தினார்.

அறிவுக்கு எல்லையில்லை, ஆதலின் நூலகத்திற்கும் எல்லையில்லை. போதும் போதும் என்று கருதிக் கட்டிய அம்மாளிகையும் நாளடைவில் நிறைந்தது. 1939-இல் இரண்டாவது மாளிகையும், 1980-இல் மூன்றாவது மாளிகையும் எழுந்தன. முதல் மாளிகை இன்று தாமஸ் ஜெபர்சன் பெயரால் வழங்குகின்றது. உலகின் பல மொழி நூல்களோடு நம் தமிழ் நூல்களும் இன்று அந்நூலகத்தில் இடம் பெற்றுள்ளன.

நூலகத்தினுட் புகுந்து, கேட்ட நூல் உடனே கைக்கு வருவதைக் காணும் நாம், அது தானே வந்தது போல எண்ணிவிடுகின்றோம். அதனைத் தேடி வாங்கியவர் ஒருவர். பட்டியலில் எழுதியவர் ஒருவர். தூசு துடைத்து உரிய இடத்தில் வைத்தவர் ஒருவர். நெருக்கடியிலும் அந்நூல் அழியாமற் காத்து, நல்ல காலம் வரும் என்று காத்திருந்தவர் பலர். காத்திருத்தல் என்பது கைகட்டி இருத்தலன்று. வருவது எப்பொழுது வரினும், அன்றன்றைய கடமையை அன்றன்றே செய்து முடித்தலே உண்மையான காத்திருத்தலாகும். படித்த நூலை மடிக்காமலும் கிழிக்காமலும், எடுத்த இடத்திலேயே திரும்பச் சேர்த்தல் அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.

பயிற்சி

I. ஓரிரு தொடரில் விடை எழுதுக:
1. காங்கிரஸ் நூலகம் எந்த ஆண்டில், எந்நோக்கத்துடன் நிறுவப்பெற்றது?
2. 1853-இல் நூலக அறை இரும்பால் அமைக்கப்பட்டதற்குக் காரணம் யாது?
3. 1870-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விதித்தது என்ன?
4. புதிய நூலடுக்கின் ஒவ்வொரு நிலையும் 7 அடி உயரமாக அமைந்ததனால் விளைந்த பயன் யாது?

II. ஒரு பத்தியில் விடை எழுதுக:
1. பழைய இடத்தில் நூலக ஊழியர் பட்ட இடர்ப்பாடுகள் யாவை?
2. ‘பதவி பெரிதன்று, பணியே பெரிது’ என்பதை ஸ்பாபோர்டு எவ்வாறு செயலாற் காட்டினார்?
3. நூலகம் இடம் பெயர்தலுக்கு உழவர் நாற்று நடுதல் உவமையானது எங்ஙனம்?

III. கட்டுரை வரைக:
1. தானியேல் மர்ரேயின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவன.
2. உங்கள் பள்ளி நூலகத்தைப் புதிய அறைக்கு மாற்றுவதாயின், நூல்களின் வரிசை குலையாதிருக்க நீங்கள் செய்யும் ஏற்பாடுகள்.

IV. சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக:
இலவு காத்த கிளி, நாளொரு மேனி, மூலைமுடுக்கு.